பரண்மேல் அண்டா

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல் மாணவன்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நானே முதல்வன். ஆகவே ரேடியோ பாடாவிட்டாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சென்ற ஆண்டு கோடையில் கிணறு வற்றியது தெரியாமல் நீர்மூழ்கி மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிட்டது. காயில் கட்ட அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. அந்தத் தோட்டை நினைத்துத்தான் நான் பெட்டி செய்யத் தொடங்கினேன்.

தத்துவம் எளியது. தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டார் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும். அதை அளந்து, குறைந்தால் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். அளந்து முடிவெடுக்க இ.எஸ்.பி.32 என்னும் நுண்கட்டுப்படுத்தி. 2016இல் வெளிவந்த இந்தச் சில்லு விலை மலிவு. வைஃபையும் உள்ளேயே இருக்கிறது. வீட்டில் வைத்துச் சோதித்தேன். அருமையாக வேலை செய்தது.

கடைசி நாளில் ஒரு கவலை வந்தது. பெட்டியை ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டி, எறும்பும் பல்லியும் புகாதபடி பிசின் ஊற்றி அடைக்கப் போகிறோம். அருகில் 415 வோல்ட். பிறகு நிரலில் ஒரு திருத்தம் என்றால் எதைத் திறந்து எந்தக் கம்பியைச் செருகுவது? சரி, புது நிரலை வைஃபை வழியாகவே அனுப்பும் வசதியைச் சேர்த்துவிடுவோம் என்று சேர்த்தேன். மறுபடி சோதிக்கவில்லை. பிசினை ஊற்றிவிட்டு விடுதிக்கு வந்துவிட்டேன்.

அந்த வாரம் எங்கள் மின்பாதைக்கு இரவு முறை. அப்பா மோட்டாரைப் போட்டால் சில நொடிகளில் நின்றுவிடும். மறுபடி போடுவார், மறுபடி நிற்கும். டார்ச் அடித்துக் கிணற்றைப் பார்த்தால் தண்ணீர் இருக்கிறது. பெட்டியோ இல்லை என்கிறது. மூன்று இரவுகள் இப்படியே போயின. கடலை வாடிற்று. பெட்டியின் கம்பியைக் கழற்றிவிட்டு நேராக ஓட்டியிருக்கலாம். அவருக்கு அது தெரியாததல்ல. சனிக்கிழமை ஊருக்குப் போனபோது கேட்டேன். "நீ படிச்சுட்டுச் செஞ்சது. ஏதோ காரணத்தோடதான் நிறுத்துதுன்னு நெனச்சேன்" என்றார். பரீட்சை நேரம் என்று எனக்குத் தகவலும் சொல்லவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் ஆயிற்று. அந்தச் சில்லில் மின்னழுத்தத்தை அளக்கும் பகுதிகள் இரண்டு. இரண்டாவதை வைஃபையும் பயன்படுத்திக்கொள்கிறது. வைஃபை ஓடும்போது அதில் நம் அளவீட்டை நம்ப முடியாது. 32 முதல் 39 வரையுள்ள முனைகள் முதற்பகுதியைச் சேர்ந்தவை. நான் பற்றவைத்திருந்ததோ 25ஆம் முனையில், அதாவது இரண்டாவதில். அளவு கிடைக்காததை என் நிரல் சுழியம் என்று எடுத்துக்கொண்டது. சுழியம் என்றால் தண்ணீர் இல்லை. தயாரிப்பாளரின் கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

முனையை மாற்றப் பிசினை உடைக்க வேண்டும். தொலைபேசியில் எங்கள் பேராசிரியரிடம் புலம்பினேன். "அந்த வைஃபை உனக்கு எதற்காக?" என்றார். நிரலை மாற்ற, என்றேன். "அப்படியானால் மாற்றும்போது மட்டும் ஓடட்டுமே!"

வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா உண்டு. காதுகுத்து, கல்யாணம் என்றால்தான் இறங்கும். மற்ற நாளெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். வைஃபையும் அப்படித்தான். அதைச் சேர்த்ததும் என் நிரல் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருத்தது. சில்லின் 4 மெகாபைட் நினைவகத்தில் நிரலுக்கென்று 13,10,720 பைட்டில் இரண்டு அறைகள். பழைய நிரல் ஓர் அறையில் ஓடிக்கொண்டிருக்க, புதியது மற்றதில் எழுதப்படும்; முழுதாக வந்து சரிபார்த்த பிறகே முறை மாறும். நடுவில் கரண்ட் போனாலும் பழையது அழியாது. எங்கள் ஊர் மின்சாரத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆகவே பெருத்தாலும் இருக்கட்டும், பரணில் இடம் இருக்கிறது. கூடத்துக்கு மட்டும் வரக்கூடாது.

பெட்டியில் பின்னால் எதற்காவது ஆகும் என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். அதற்கு இப்போது வேலை கிடைத்தது. அதை அமுக்கிக்கொண்டு மின்சாரம் கொடுத்தால் ஐந்து நிமிடம் வைஃபை விழிக்கும். அதுவரை மோட்டார் ஓடாது. கடவுச்சொல்லும் உண்டு. அமுக்காவிட்டால் வைஃபை தொடங்கவே தொடங்காது. மின்னோட்டத்தை அளப்பது ஒன்றே வேலை.

ஞாயிறு இரவு 11 மணிக்குக் கரண்ட் வந்தது. நண்பனின் மடிக்கணினியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, இரவெல்லாம் ஓயாமல் ஓடிய அதே வைஃபை வழியாக, அதை உறங்க வைக்கும் நிரலை அனுப்பினேன். அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டார்ட்டரை அமுக்கினார். பத்து நொடி, அரை நிமிடம். நிற்கவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது.

விடியும்வரை அப்பா கட்டிலுக்கு வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். அந்தப் பொத்தானின்மேல் பழைய சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தார். "நீ வந்தா மட்டும் அவிழ்த்துக்கோ" என்றார்.