கறுப்பு வெள்ளையா, சிவப்பு வெள்ளையா?

எங்கள் வீட்டுக் கடற்பக்கத்து ஜன்னலின் கொக்கி கழன்று இரண்டு வருடமாகிறது. சோளகம் எழும்பினால் ஆலங்குடாக் கரையின் மணல் அந்த இடுக்கு வழியாகச் சோற்றுக் கோப்பை வரைக்கும் வந்துவிடும். உம்மா அதில் ஒரு கம்பளிச் சால்வையைச் சுருட்டித் திணித்து வைத்திருக்கிறா. கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஓடும் சால்வை. "இந்த வெக்கையில இத ஆரு கழுத்தில சுத்தப் போறா?" என்று ஒருநாள் கேட்டா. நான் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அது ஜன்னலுக்குப் போனது.

எங்கள் ஊர் எத்தாளையில் சீசன் என்றால் கடல். சோளகம் பிடித்தால் படகுகள் கரையேறும். காற்று மாறினால் வாடிகள் மறுபடி எழும்பும், சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து ஆட்கள் வந்து இறங்குவார்கள். டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு ஒரு மாதக்கணக்கு, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் வழுக்குகிறவர்களுக்கு இன்னொரு மாதக்கணக்கு. இவை எல்லாவற்றோடும் எனக்கு மட்டும் ஒரு சீசன் ஓடுகிறது. பெப்ரவரியில் தொடங்கும், ஒக்டோபரில் முடியும். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அங்கே, ஹல் நகரத்தில், பந்தை உதைத்தால் இங்கே சனி பிறந்து அரை மணி நேரம். ஊர் தூங்கும். நான் முற்றத்தில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஹல் என்று சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. லண்டன் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் சுகம். லண்டனிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், இங்கிலாந்தின் கிழக்குக் கரையை ஒட்டிய பழைய மீன்பிடித் துறைமுகம். 2015இல் படிக்கப் போனேன். நகரத்துக்குள் நுழையும் பெரிய ரோட்டுக்கு கிளைவ் சுலிவன் என்று ஓர் ஆளின் பெயர். யாரோ துரை, இல்லாவிட்டால் ஜெனரல் என்று நினைத்துக்கொண்டேன். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளை, கார்டிஃபில் பிறந்த கறுப்பர், 1972இல் உலகக் கிண்ணம் வென்ற பிரிட்டிஷ் ரக்பி லீக் அணியின் தலைவர் என்று தெரிய ஒரு மாதம் எடுத்தது. பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்கு, எந்த விளையாட்டிலும், தலைமை தாங்கிய முதல் கறுப்பர் அவர்தான்.

ரக்பி லீக் என்பதை இங்கே விளக்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் ரக்பி என்றால் றோயலும் திரித்துவமும், கொழும்பும் கண்டியும், டை கட்டிய பழைய மாணவர்கள். அது ரக்பி யூனியன், அணிக்கு 15 பேர். எங்கள் கரையில் அதைக்கூட யாரும் ஆடுவதில்லை, பந்தென்றால் உதைபந்துதான். லீக் வேறு சாதி. 1895 ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்ஃபீல்டில் ஜோர்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கழகங்கள் கூடிப் பிரிந்துபோனதில் பிறந்தது. பிரிவுக்குக் காரணம் காசு, ஆனால் பேராசைக் காசு இல்லை. மில்லிலும் சுரங்கத்திலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை விளையாடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தக் கூலியையாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். லண்டன் கனவான்கள் முடியாது என்றார்கள். கரைவலை இழுக்கப் போகாமல் பந்தடிக்கப் போய் வாப்பாவிடம் அடி வாங்கிய எனக்கு இதை யாரும் இரண்டாம் தரம் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

ஆட்டம் பார்க்கக் கபடிக்குக் கிட்ட. அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுகிறவனை மறித்து விழுத்துவார்கள். எழும்பி, குதிக்காலால் பந்தைப் பின்னுக்கு உருட்டிவிட்டு மறுபடி ஓட வேண்டும். ஆறு தரம் மறிபட்டால் பந்து எதிராளிக்கு. முன்னால் எறியக் கூடாது, பின்னால் மட்டும்தான். 80 நிமிடம் இதுதான். முதல் மெட்சில் எனக்குச் சண்டை என்று பட்டது. நாலாவது மெட்சில் ஐந்தாம் தடுப்பு வரும்போது என்னையறியாமல் எழும்பி நின்றேன்.

அந்த நகரத்தில் ஒரு ஆறு. மேற்கே இருப்பவர்கள் ஹல் எஃப்.சி., கறுப்பு வெள்ளை. கிழக்கே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், சிவப்பு வெள்ளை. பகுதிநேரமாக வேலை செய்த முதியோர் இல்லத்தில் முதல்நாளே சமையல்காரப் பெண்மணி கேட்டது, எந்த நாடு என்று அல்ல. "ஆற்றுக்கு எந்தப் பக்கத்தில் வீடு?" மேற்கே என்றேன். "பாவம்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். அவர் கிழக்கு. இங்கிலாந்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். பதிலைச் சொன்ன கையோடு ஊர்க்காரனாகிப் போன கேள்வி அது ஒன்றுதான்.

எனக்கு ஆட்டம் சொல்லித் தந்தவர் அந்த இல்லத்தில் இருந்த கிழவர். ஹெஸ்ல் ரோட்டுக்காரர், ஐஸ்லாந்துப் பக்கம் டிராலரில் போனவர். மூன்று கிழமை கடல், மூன்று நாள் கரை. அந்த மூன்று நாளில் சம்பளத்தை அள்ளி வீசுவதால் அவர்களுக்கு 'மூன்று நாள் லட்சாதிபதி' என்று பெயராம். அந்த மூன்று நாளுக்குள் எஃப்.சி. மெட்ச் விழுந்தால் பாக்கியம். புருஷன் கடலுக்குப் புறப்படும் அன்று அந்த ரோட்டுப் பெண்கள் துணி தோய்க்க மாட்டார்கள் என்றார். தோய்த்தால் கடல் ஆளை அடித்துக்கொண்டு போய்விடும். வாப்பா விடியச்சாமம் இறங்கும்போது எங்கே போகிறீர்கள் என்று உம்மா ஒருநாளும் கேட்டதில்லை என்று நான் சொன்னேன். தலையை ஆட்டினார். 1968இல் சில கிழமைக்குள் மூன்று டிராலர்கள் போய் 58 பேர் திரும்பாததை அவர் ஒரே ஒரு தரம் சொன்னார், கப்பல்களின் பெயரை மட்டும். பிறகு ஐஸ்லாந்து தன் கடலை மூடியது, 1976இல். ஹல்லின் டிராலர்களும் போயின. சோளகம் முடிந்தால் எங்கள் கடல் திறக்கும், அவர்களுடையது திறக்கவில்லை. பெப்ரவரியில் அந்தக் கிழவர் உயிர்த்தெழுவதைப் பார்த்தால், மிச்சமிருந்த ஒரே சீசன் இதுதான் என்று விளங்கும்.

எஃப்.சி. ஆடும் கே.சி. மைதானத்துக்கு அன்லபி ரோட்டால் நடப்பேன். பெப்ரவரிக் குளிரில் வாயிலிருந்து புகை. வழியில் பட்டீ வாங்குவேன், பிசைந்த உருளைக்கிழங்கில் மூலிகை போட்டு மாவில் தோய்த்துப் பொரித்தது. பொரித்தது எண்ணெயிலா மாட்டுக் கொழுப்பிலா என்று கேட்டுவிட்டுத்தான். மேலே சிவப்பாக ஒரு தூள் தூவுவார்கள், அவர்களுக்கு அது உறைப்பு. எனக்குச் சிரிப்பு வரும். அந்தத் தூளில் ஒரு டப்பாவை ஊருக்குக் கொண்டுவந்தேன். இப்போது அதில் மணம்கூட இல்லை, எறியவும் மனம் வரவில்லை.

2016 ஓகஸ்ட் 27. சவால் கிண்ண இறுதி, வெம்பிளியில், வாரிங்டனோடு. எஃப்.சி. அந்த மைதானத்தில் அதுவரை வென்றதே கிடையாது. கிழக்குப் பக்கம் அதைப் பாட்டாகவே பாடும். அன்று எனக்கு வேலை. டீவி அறையில் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். 10–0 என்று பின்னால். சமையல்காரப் பெண்மணி கதவில் சாய்ந்துகொண்டு ஒன்றும் பேசாமல் நின்றார், பேசாததுதான் எரிச்சல். பிறகு எங்கள் ஆட்கள் எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைப் புல்லில் ஒன்று வைத்தார்கள், கடைசி நேரத்தில் இன்னொன்று. 12–10. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது வாரிங்டன்காரன் கரீ கோட்டுக்கு மேலேயே பாய்ந்துவிட்டான். கை கீழே வருகிறது, பந்து புல்லில் படப் போகிறது. டேனி ஹோட்டன் எங்கிருந்தோ வந்து அந்தக் கையில் மோதினார். பந்து தெறித்தது. கிழவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது, நகம் பதிந்திருந்தது. விசில் ஊதினதும் கையை விட்டார். கோப்பையைப் பார்த்தார். பாலாடை படிந்திருந்தது. "தேத்தண்ணி ஆறிப்போச்சு" என்றார்.

ஒக்டோபர் முதலாம் திகதி ரோவர்ஸ் சால்ஃபர்டிடம் 19–18 என்று தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு விழுந்தது. கூடுதல் நேரத்தில் ஒற்றைப் புள்ளி உதை ஒன்று. சமையல்காரப் பெண்மணி அடுத்த வேலைநாள் சிவப்புச் சால்வையோடுதான் வந்தார். நாங்கள் துள்ளியிருக்க வேண்டும். ஆனால் 2017 பெரிய வெள்ளி வந்தபோது கிழவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய வெள்ளியன்று இரண்டும் மோதுவது வழக்கம். அந்த வருடம் மோத ஆளில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து நாள் முழுக்க முணுமுணுத்தார். அந்த வருடமும் கிண்ணம் எங்களுக்குத்தான், விகனை 18–14 என்று வென்று. கதவில் சாய்ந்து நிற்க ஆள் வரவில்லை. வெற்றி உப்பில்லாமல் இருந்தது.

2018இல் ரோவர்ஸ் திரும்பி வந்தது. நான் அந்தச் சீசன் முடியுமுன்னமே ஊருக்கு வந்துவிட்டேன், விசா முடிந்து. அடுத்த வருடம் கிழவர் போய்விட்டதாகப் பெண்மணி இரண்டு வரி அனுப்பினார், ஒன்று அவரைப் பற்றி, மற்றது அவருடைய அணியைத் திட்டி. 2024இல் எஃப்.சி. 12 அணிகளில் 11ஆவது. நான் அதையும் முற்றத்தில் இருந்து கேட்டேன்.

2025 ஜூன் 7 எங்களுக்கு ஹஜ்ஜுப் பெருநாள். அங்கே கிண்ண இறுதி, மறுபடி வாரிங்டன், இந்த முறை எதிரில் ரோவர்ஸ். வீடு நிறைய ஆட்கள், வெளியே சோளகம் கூரையைப் பிடுங்குகிறது. இரவு ஏழரைக்குத் தொடங்கியது. வட்டிலப்பக் கோப்பையோடு நான் ஒதுங்கி நின்று ஸ்கோரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடங்களில் ரோவர்ஸ் ஒன்று வைத்து, அதையும் உதைத்து 8–6. 40 வருடத்தில் அவர்களுக்கு முதல் பெரிய கிண்ணம். சில நிமிடத்தில் சமையல்காரப் பெண்மணியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சொல் ஒன்றும் விளங்கவில்லை, அழுகையும் மூக்கு உறிஞ்சலும்தான்.

"உங்கட டீமா மாமா வென்டது?" என்றான் அக்காவின் மகன்.

"இல்லடா. ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"எந்த ஆறு?"

உள்ளே உம்மா கத்தினா. ஜன்னலிலிருந்து சால்வை கழன்று விழுந்து, பிரியாணிச் சட்டிக்குள் மணல் போகிறதாம். எடுத்து, உதறி, திரும்பத் திணித்தேன்.