மஞ்சக்குப்பத்துப் புரூப் ரீடர்

2022 செப்டம்பர் 4. ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் அர்ஷ்தீப் சிங் ஒரு கேட்சைக் கோட்டைவிட்டார். அந்தச் சூட்டோடு யாரோ ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருடைய பக்கத்துக்குள் புகுந்து, இந்தியா என்று இருந்த இடத்தில் 'காலிஸ்தான்' என்று எழுதிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் அது சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் எடுத்த படம் நாடு முழுக்கச் சுற்றியது. மத்திய அரசு விக்கிப்பீடியா தரப்பைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. மாற்றியவர் யார் என்ற ஆராய்ச்சி தொலைக்காட்சிகளில் நாள்கணக்கில் ஓடியது. அந்தக் கால் மணி நேரத்தில் உட்கார்ந்து சரிசெய்தவரைப் பற்றி யாரும் பேசிய நினைவில்லை.

இதைச் சிதம்பரத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் நண்பரிடம் புலம்பியபோது, "தமிழ் விக்கியில அந்த வேலையைப் பார்க்கிறவர் ஒருத்தர் கடலூர்லயே இருக்கார். போய்ப் பாருங்க. பேரை மட்டும் எழுதிடாதீங்க" என்றார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டின் முன்னறை. மேசையில் பழைய லேப்டாப், பக்கத்தில் பூதக்கண்ணாடி. அறுபதைத் தாண்டியவர். ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோக்கச் சேர்ந்து, ஆப்செட் வந்த பிறகும் அச்சகத்திலேயே புரூப் பார்த்து ஓய்ந்தவர். பார்த்ததில் முக்கால்வாசி கல்யாணப் பத்திரிகை.

"புத்தகத்துல தப்பு வந்தா படிக்கிறவன் மறந்துடுவான் தம்பி. பத்திரிகையில இனிஷியல் மாறினா பந்தல்லயே அடிதடி."

எழுதிக் கொடுத்த தாளில் இருப்பது ஒன்று, புரூப் பார்க்க வரும் சித்தப்பா சொல்வது வேறொன்று. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தைச் சேர்க்கச் சொல்லிக் காதோடு பேசும் பெரியப்பா வருவார். மறுநாள் அதை எடுக்கச் சொல்லி மாப்பிள்ளை வந்து சண்டை போடுவார். இந்தப் பெரியப்பாக்களோடு ஆயுளில் பாதியைக் கழித்தவருக்குத் தமிழ் விக்கிப்பீடியா பழகிய இடமாகத்தான் இருந்திருக்கிறது. அங்கேயும் பெரும்பாடு இதுதான். சோழனோ பாண்டியனோ, பெயருக்குப் பின்னால் ஒரு பட்டத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு கூட்டம் வந்து அதை அழித்துத் தன் பட்டத்தை ஒட்டும். "பெரியப்பா வந்துட்டுப் போயிருக்கார்னு நினைச்சுக்குவேன்" என்று சிரித்தார். 'விசமத் தொகுப்பு' என்று அங்கே இதற்குப் பெயர்.

காலையில் முதலில் அவர் திறப்பது 'அண்மைய மாற்றங்கள்' பட்டியலை. யார், எந்தப் பக்கத்தில், எப்போது கைவைத்தார் என்று வரிவரியாக ஓடுகிறது. ஒவ்வொரு வரியிலும் ஓர் எண். சேர்த்திருந்தால் பச்சை, குறைத்திருந்தால் சிவப்பு. மைனஸ் நாலாயிரம் என்று தடித்த சிவப்பில் தெரிந்தால் யாரோ பக்கத்தைக் காலி செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கெட்ட வார்த்தை, நடிகர் ரசிகர்களின் ஏச்சு, காதலியின் பெயர் எல்லாம் இந்த ரகம். பார்த்ததும் தெரியும், ஒரே தட்டில் பழையபடி ஆக்கிவிடலாம். அவர் இதை வேலையாகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

"பூஜ்யத்தைத்தான் பார்க்கணும்" என்றார்.

வள்ளலார் மருதூரில் பிறந்தது 1823இல். அதை யாராவது 1832 என்று மாற்றினால் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பட்டியலில் 0 என்று நிற்கும். கண் தாண்டிப் போய்விடும். பத்திரிகையில் முகூர்த்தத் தேதி பிசகுவதும் இப்படித்தானாம். சந்தடியில்லாத பொய்க்கு ஆயுசு அதிகம். 2005இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலர், கென்னடி கொலையில் சந்தேகிக்கப்பட்டவர் என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவைத்தது நான்கு மாதத்துக்கு மேல் ஆங்கில விக்கிப்பீடியாவில் அப்படியே கிடந்தது.

பூஜ்யமெல்லாம் விஷமமும் இல்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. அதை ஒருவர் 1920 என்று திருத்தினால்? அவர் சொன்னார்: "அதுக்கு முன்னோடியான மீனாட்சி கல்லூரி 1920ல வந்தது. அதை நினைச்சு மாத்தியிருப்பார். அவரை விரட்டக் கூடாது, ரெண்டு வருஷத்தையும் பக்கத்துல எழுதணும்." புதுமைப்பித்தன் பிறந்த ஊர் திருநெல்வேலி என்று திருத்த வருகிறவரும் கெட்டவர் இல்லை. 1906இல் அவர் பிறந்தது இங்கே, திருப்பாதிரிப்புலியூரில் என்பது கடலூர்க்காரனுக்குச் சட்டென்று உறைக்கும். மற்றவர்கள் தேடித்தான் பார்க்க வேண்டும். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளுக்கு ஊருக்கு ஓர் ஆளாவது வேண்டும் என்று அவர் சொன்னதை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன்.

கெட்ட சொற்களைத் தானாகப் பிடிக்கும் வடிகட்டியை எப்படி எழுதுவது என்றும் விளக்கினார். அடைப்புக்குறியும் நட்சத்திரமுமாக ஓடிய அந்த வரிகள் எனக்குப் பிடிபடவில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

சிதம்பரத்தில், அண்ணாமலை நகரை ஒட்டிய ஓர் அறையில் மாணவர்கள் சிலருக்கு அவர் இதைச் சொல்லிக்கொடுக்கிறார். கூடவே போனேன். அவருடைய முதல் பாடம் அவசரப்படாதே என்பது. கடைசி மாற்றத்தை மட்டும் மீளமைத்தால், அதற்கு முந்தையதும் விஷமமாக இருக்கும்போது அழுக்கு உள்ளேயே தங்கிவிடும். வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து நல்ல வடிவம் எதுவென்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அதே ஆள் வேறு எங்கெல்லாம் கைவைத்தார் என்று அவருடைய பங்களிப்புகளையும் பார்க்க வேண்டும். பிறகு அவர் பேச்சுப் பக்கத்தில் நாலு வரி, பழகிப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது என்று.

"திட்டி எழுதலாமா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"வேணாம்மா. திட்டினா அவனுக்கு ஆட்டம் சூடு பிடிச்சுடும். நீயும் அவனும் மாத்தி மாத்தி அழிச்சுக்கிட்டிருந்தா ரெண்டு பேரையும்தான் தடை பண்ணுவாங்க. நிர்வாகிகிட்ட சொல்லிப் பக்கத்தைப் பூட்டச் சொல்லு."

இந்த வேலைக்கு ஒரு பைசா கிடையாது. மின்சாரமும் இணையமும் அவர் செலவு. அதே விக்கிப்பீடியாவை வைத்துக் காசு பார்க்கிறவர்களும் ஊரில் இருக்கிறார்கள். 'உங்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் பக்கம் போட்டுத் தருகிறோம்' என்று வார்டு பிரமுகரிடமும் சின்னத்திரை நடிகரிடமும் ஆயிரக்கணக்கில் கறக்கிறார்கள். காசு வாங்கி எழுதினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2014 முதல் விதி இருக்கிறது. சொல்கிறவர் யார்? பக்கம் நீக்கப்பட்டால் தரகர் கையை விரித்துவிடுவார், பணம் கொடுத்தவரின் வசவு இவருக்கு வரும். மேல்தட்டில் கதை இன்னும் பெரிது. கூகுள் 2022இல் விக்கிமீடியாவின் வணிகச் சேவைக்கு வாடிக்கையாளராகி, பணம் கொடுத்து இதே தகவல்களை வாங்குகிறது. செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் இந்தக் கட்டுரைகளை அள்ளிக்கொண்டு போய் அவற்றின்மேல் கோட்டை கட்டுகிறார்கள். மஞ்சக்குப்பத்தில் பூதக்கண்ணாடி வைத்து 1823ஐக் காத்தவரின் கண் ஆப்பரேஷனுக்கு அதில் ஒரு ரூபாய் வராது. நான் இதைச் சொல்லிக் கொதித்தபோது அவர், "கேட்டா நான் வேலைக்காரன் ஆயிடுவேனே" என்று பேச்சை மாற்றினார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை, இப்போதும் போதவில்லை.

வகுப்பு முடியும் நேரத்தில் அதே பெண் ஒரு பயிற்சி வரியைக் காட்டினாள். கடலூர் முதுநகரின் அஞ்சலையம்மாள், 1927இல் பிரிட்டிஷ் அதிகாரி நீலின் சிலைக்கு எதிரான போராட்டத்தில் சிறை சென்றவர், பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து காந்தியைச் சந்தித்தார் என்றிருந்தது.

"சினிமாக் கதை மாதிரி இருக்கு சார், மீளமைச்சுடறேன்."

"இரும்மா. இது விஷமம் இல்ல, எங்க ஊர்ல எல்லாரும் சொல்ற கதை. சான்று தேவைன்னு மட்டும் குறிச்சுவை. மாவட்ட மைய நூலகத்துல தேடு."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கலைன்னா எடுத்துடு. எங்க ஊர்க் கதைங்கறதுக்காக விட்டுவைக்காதே."