செல்ஃப் எடுக்காத வண்டி

ஸ்டார்ட் ஆகாத டிராக்டரில் மூன்று வகை உண்டு. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பற்றாது. அப்படியென்றால் டீசல் பக்கம் பார்க்க வேண்டும். இரண்டாவது வகையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். பேட்டரி, அதன் முனைகள், எர்த் ஒயர் என்று தேடலாம். மூன்றாவதுதான் எரிச்சலூட்டுவது. டேஷ்போர்டு விளக்குகள் அழகாக எரியும். சாவியைக் கடைசிவரை திருப்பினாலும் ஒரு முனகல்கூட இருக்காது. டிசம்பர் மாதம், மின்னசோட்டாவில், மைனஸ் 18 டிகிரி குளிரில் என் வண்டி காட்டியது இந்த மூன்றாவது மௌனத்தை.

25 குதிரைசக்தி உள்ள சின்ன வண்டி. வாங்கி ஏழு வாரம், மீட்டரில் 11 மணி நேரம். பனி தள்ளுவதற்கு என்று மனைவியிடம் சொல்லித்தான் வாங்கினேன். கோபிச்செட்டிபாளையம் பக்கம் நெல்லும் மஞ்சளும் போட்ட வீட்டில் பிறந்து, இருபது வருடமாக யாருடைய சர்வர்களையோ பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேறு காரணங்களும் இருக்கும். அவற்றை வீட்டில் யாரும் கேட்கவில்லை. விற்ற கடையில் மெக்கானிக் வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். வாசலிலிருந்து ரோடு வரை 120 மீட்டர், முழங்காலளவு பனி. மனைவிக்கு அன்று ஆஸ்பத்திரியில் இரவு ட்யூட்டி.

காலை எட்டு மணி. ஊரில் இரவு ஏழரை. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டேன்.

“செல்ஃபே எடுக்கலையா கண்ணு?”

“இல்லீங்ப்பா. சத்தமே வரல.”

“ஒரு திருப்புளி எடு. செல்ஃப் மோட்டார்ல ரெண்டு போல்ட் இருக்கும் பாரு. ரெண்டையும் சேத்துத் தொடு. புடிச்சுக்கும்.”

அவர் சொன்னது சரி. பிடித்துக்கொண்டிருக்கும். சாவிக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் நடுவே என் வண்டியில் வரிசையாக ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஆள் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிரேக் மிதிபட்டிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றுகிற பி.டி.ஓ. அணைந்திருக்க வேண்டும். எங்கள் தொழிலின் பாஷையில், நான்கு நிபந்தனையும் உண்மையானால்தான் அடுத்த வரி ஓடும். திருப்புளி இந்த நான்கையும் கேட்காமல் நேராகப் போய் மோட்டாரைத் தொடுகிறது. புது வண்டிகளில் அந்த முனைகளின் மேல் ஒரு மூடி போட்டு, உயிர் போகும் என்று படமும் ஒட்டியிருப்பது இதனால்தான்.

1993 ஐப்பசி மழையில் பக்கத்துத் தோட்டத்து அண்ணன் அப்படித்தான் போனார். அவர் வண்டியில் சாவி வேலை செய்து பல மாதமாகியிருந்தது. தினமும் கீழே நின்று, பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து, திருப்புளி வைத்துத்தான் எடுப்பார். அன்று வண்டி கியரில் இருந்திருக்கிறது. தூக்கிய நாலு பேரில் அப்பாவும் ஒருவர். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு.

“அப்பா, அந்த அண்ணன்...” என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “அவன் கியர்ல உட்டுட்டான் கண்ணு. பாத்திருக்கோணும்.”

முப்பது வருடத்துக்கு மேலாக ஊர் சொல்லிக்கொண்டிருக்கும் வாக்கியம் இது. எனக்கு ஒருநாளும் இது பிடித்ததில்லை. பல மாதம் தினமும் பார்த்தவர், ஒருநாள் பார்க்கவில்லை. அந்த ஸ்விட்சுகளை வைத்தவர்கள் அந்த ஒருநாளைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு கவனமான மனிதனுக்கும் அது வரும் என்று அவர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

போனை ஒரு பக்கெட்டில் சாய்த்து வைத்து, மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரி 12.6 வோல்ட், குறையில்லை. குளிர்கால டீசல்தான் ஊற்றியிருந்தேன். சாதாரண டீசல் இந்தக் குளிரில் மெழுகு கட்டி ஃபில்டரை அடைத்துவிடும். ஆனால் வண்டி சுற்றவே இல்லை என்பதால் டீசலுக்கு இதில் வேலையில்லை. மகனை சீட்டில் உட்கார வைத்து பிரேக்கை மிதித்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய ஒயரில் பூஜ்யம். ஆகவே வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, ஸ்விட்ச் ஸ்விட்சாகக் கழற்றிப் பார்த்தேன். கையுறையோடு பிளக் கழற்ற முடியாது. கையுறை இல்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் விரல் இருக்காது. சீட் சரி. பிரேக் சரி. நியூட்ரல் சரி. பி.டி.ஓ. ஸ்விட்சும் சரிதான், ஆனால் அதன் பிளக்குக்குள் இரண்டு பின்களில் ஒன்று மட்டும் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. பூட்டாமலே தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கிறது. 11 மணி நேரம் தொட்டும் தொடாமலும் ஓடி, அதிர்விலும் குளிரிலும் விலகிவிட்டது. பின்னாலிருந்து அழுத்தியபோது ‘கிளிக்’ என்றது.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஹீட்டர் விளக்கு அணையும்வரை பொறுத்துச் சாவியைத் திருப்ப, முதலில் வெள்ளைப் புகை கக்கிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

“சத்தம் நல்லா இருக்குது” என்றார் அப்பா. பிறகு, “ஏங் கண்ணு, சீட்ட உட்டு எந்திரிச்சா நின்னுருமா?” என்று கேட்டார்.

“பி.டி.ஓ. போட்டிருந்தா நின்னுருங்ப்பா.”

“எங்க, காட்டு.”

பின்னால் எதுவும் மாட்டியிருக்கவில்லை. பி.டி.ஓ.வைப் போட்டுவிட்டுச் சீட்டிலிருந்து எழுந்தேன். எஞ்சின் பட்டென்று நின்றது.

“இன்னொருக்காக் காட்டு” என்றார்.