தெரிந்தே கழுவிய கூரைகள்

அஸ்பெஸ்டஸ் கூரையை அழுத்தத் தண்ணீரால் கழுவக் கூடாது என்பது, முதல் கழுவும் இயந்திரத்தை விற்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விற்றேன். அப்படிப்பட்ட கூரையின் மேலேயே ஓட்டிக் காட்டித்தான் விற்றேன். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றதெல்லாம் அது எப்படி நடந்தது என்ற விவரம்.

ஹட்டனில் எனக்கு ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. தேயிலை ஸ்டோர்களின் ரோலரும் டிரையரும் பழுது பார்ப்பதுதான் அப்பா காலத்துத் தொழில். கழுவும் இயந்திரம் என் காலத்தில் வந்தது. கடையில் விற்கும் சிறிய இயந்திரம் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர் தண்ணீர்தான் விடும். வீட்டு வாசலுக்கும் முச்சக்கர வண்டிக்கும் அது போதும். ஸ்டோர்ச் சுவர், கொழுந்து லொறி, ஏப்ரல் சீசனுக்கு முன்னால் நுவரெலியா ஹோட்டல்களின் முற்றம் என்று வேலை எடுக்கிற கொந்தராத்துக்காரர்களுக்கு அது எட்டாது. அவர்கள் வந்ததும் கேட்பது, "எத்தனை பார் அண்ணே?" என்றுதான். பாரை மட்டும் பார்க்காதீர்கள் என்பேன். அழுக்கைப் பெயர்ப்பது அழுத்தம். பெயர்ந்ததை அள்ளிக்கொண்டு போவது தண்ணீரின் அளவு. ஒரே அழுத்தத்தில் தண்ணீர் நான்கு மடங்கானால் வேலை நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். இதை நான் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன். இயந்திரத்தில் பிழை இல்லை.

நான் செய்தது நிமிடத்துக்கு 30 லீற்றர் தண்ணீரை 200 பார் அழுத்தத்தில் தள்ளும். தண்ணீருக்கு மட்டும் 10 கிலோவாட் வேண்டும். பம்பிலும் பெல்ட்டிலும் போகிற நட்டத்தைச் சேர்த்தால் கொழும்பில் 16 குதிரைவலு எஞ்சின் போதும். மலையில் போதாது. 100 மீற்றர் ஏறினால் பெற்றோல் எஞ்சினின் வலுவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று குறையும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே அதே வேலைக்கு 20 குதிரைவலு வேண்டும். கீழிருந்து வாங்கி வந்த பெரிய இயந்திரங்கள் இங்கே மூச்சு வாங்கி நின்றதற்குக் காரணம் இதுதான். குழாயிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்றெட்டு அங்குலக் குழாயை 60 மீற்றருக்கு இழுத்தால் இந்த அளவு தண்ணீருக்கு 30 பார் குழாயிலேயே போய்விடும். அரை அங்குலம் போட்டால் ஏழெட்டுப் பாரோடு நிற்கும். சரிவில் இழுத்துக்கொண்டு ஏறுகிறவனுக்குப் பாரம் கூடும்தான். ஆனால் கூரையின் உச்சியிலும் அழுத்தம் பெரிதாகக் குறையாது.

பம்பை நான் பார்த்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் பம்பு தண்ணீரை உறிஞ்சத் திணறும். திணறினால் உள்ளே குமிழிகள் உண்டாகி உடைந்து உலோகத்தைக் குழி குழியாக அரித்துவிடும். அதனால் தொட்டியைப் பம்புக்கு மேலே வைத்தேன், தண்ணீர் தானாக இறங்கட்டும் என்று. பீலித் தண்ணீரில் மணல் வரும், அதற்கு இரண்டு வடிகட்டி. தண்ணீர் பீச்சும் துப்பாக்கியை மூடியபடி எஞ்சினை ஓடவிட்டால் தண்ணீர் பம்புக்குள்ளேயே சுற்றிச் சூடாகி சீலைக் கெடுக்கும், அதற்கொரு வால்வு. ஒரு ரப்பர் சீல் தேயக் கூடாது என்று இவ்வளவு யோசித்த நான், துப்பாக்கியைப் பிடிக்கிற பையனின் நெஞ்சுக்குள் என்ன போகிறது என்று யோசிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். யோசித்தேன். யோசித்துவிட்டு ஒதுக்கி வைத்தேன்.

ஏன் என்றால், கூரையைப் போல விற்றுக் கொடுக்கிற இடம் வேறு இல்லை. எங்கள் பக்கம் தென்மேல் பருவம் தொடங்கினால் மாதக்கணக்கில் மழையும் மூட்டமுமாக இருக்கும். அஸ்பெஸ்டஸ் தகட்டில் பாசி படர்ந்து சில வருடத்தில் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அதன் மேல் என் இயந்திரத்தை ஓட்டினால் ஒரே இழுப்பில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக் கோடு விழும். பார்த்துக்கொண்டு நிற்கிற கொந்தராத்துக்காரர் அந்த இடத்திலேயே முற்பணம் கொடுப்பார். சுவரிலோ தரையிலோ காட்டினால் வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன் என்பார். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக நின்ற ஒரு தோட்ட மருந்தகத்தின் கூரையைப் படம் எடுத்துப் பட்டறை வாசலில் பெரிதாக மாட்டி வைத்தேன்.

அந்த வெள்ளை, பாசி போனதால் மட்டும் வந்த வெள்ளை அல்ல. தகட்டின் மேல்தோலே உரிந்து போகிறது. இந்தத் தகட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அஸ்பெஸ்டஸ் நார் இருக்கும், மிச்சம் சிமெந்து. புதிதாக இருக்கும்போது சிமெந்து நாரை இறுகப் பிடித்திருக்கும். மழையும் பாசியும் வருடக்கணக்கில் அதைத் தின்று மேற்பரப்பை இளக்கிவிடும். இளகிய சிமெந்தை 200 பார் தண்ணீர் அடித்தால் நாரும் சேர்ந்து பெயரும். அது சாரலோடு தெறிக்கும், சுவரில் வழியும், கானுக்குள் இறங்கும், முற்றத்தில் காயும். காய்ந்த பிறகு காற்றில் எழும். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவது கடினம். நுரையீரல் தழும்பேறி மூச்சு முட்டுவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வருகிற ஒரு தனிப் புற்றுநோய் எல்லாம் அதனால் வருபவை. வருவதற்கு 20 வருடம், 40 வருடம்கூட ஆகலாம். இந்தத் தாமதம் எனக்கு வசதியாக இருந்தது. கழுவிய மறுநாள் யாரும் படுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், 2017 டிசம்பரில் வந்த ஒரு செய்தியால்தான். மலையகத்தில் எல்லோருக்கும் அது நினைவிருக்கும். இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் ஒரு கப்ரா வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா நம் தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. தோட்டங்கள் கலங்கிப் போயின. அந்த நேரத்தில்தான் அரசாங்கம் 2018 தொடக்கம் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. உலகத்திலேயே அதிகம் அஸ்பெஸ்டஸ் தோண்டுகிற நாடு ரஷ்யா. இரண்டுக்கும் முடிச்சு இருக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. கட்டுப்பாடு தள்ளிப் போடப்பட்டது, 2017 முடிவதற்குள் தேயிலைக்கான தடையும் நீங்கியது. தேயிலை தப்பியது என்று நானும் மகிழ்ந்தேன். கூடவே அஸ்பெஸ்டஸை ஏன் நிறுத்தப் பார்த்தார்கள் என்றும் தேடி வாசித்தேன். பிரித்தானியா 1999இலேயே தடை செய்துவிட்டது என்பதையும், இந்தக் கூரைகளை உயர் அழுத்தத்தில் கழுவ வேண்டாம் என்று அங்கே எச்சரிக்கை இருப்பதையும் அப்போதே அறிந்தேன். இயந்திரம் செய்யத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

சாக்குகள் கைவசம் இருந்தன. கெட்டது நீல அஸ்பெஸ்டஸ், அது இலங்கையில் 1987இலேயே தடையாகிவிட்டது, நம் கூரையில் இருப்பது வெள்ளை என்று சொல்லிக்கொண்டேன். எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதையும் வாசித்திருந்தேன். தண்ணீரோடு போவதால் தூசி எழும்பாது என்று கேட்டவர்களிடம் சொன்னேன். ஈரமாக இருக்கும் வரைக்கும்தான் அது உண்மை.

கழுவப் போன பிள்ளைகள் லயத்துப் பிள்ளைகள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர்கள். கொழும்புக் கடைகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள், நாட்கூலிக்கு ஏறினார்கள். நான் இயந்திரத்தோடு ஒரு மழைக்கோட்டும் ஒரு சோடி பூட்ஸும் இனாமாகக் கொடுத்தேன். முகக்கவசம் கொடுக்கவில்லை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டி வரும். முழுக்க நனைந்து போகிற பிள்ளைகள் அந்த உடுப்பைக் காம்பராவுக்குள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள். எங்கள் குளிரில் வேறு வழி கிடையாது. மறுநாள் அம்மாவோ மனைவியோ உதறி மடிப்பார்கள். அஸ்பெஸ்டஸ் ஆலையில் வேலை செய்தவர்களின் உடுப்பைத் துவைத்த மனைவிமார்களுக்கே நோய் வந்த கதைகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன. லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். அந்தக் கயிறு எங்கே தொங்கும் என்று எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. என் வீட்டுக் கூரையும் அஸ்பெஸ்டஸ்தான். அதை நான் ஒருநாளும் கழுவவில்லை. "ஊர்க் கூரையெல்லாம் வெளுக்குறீங்க, நம்ம கூரை காடு மாதிரி கெடக்கு" என்று மனைவி குறைபட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் பற்றாது, நேரமில்லை என்று தட்டிக் கழித்தேன். ஒரு தடவை அவளே ஆளைக் கூப்பிட்டு ஏணி சாத்திவிட்டாள். நான் ஓடிப்போய்த் தடுத்தேன். அன்றைக்கு உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் கோபப்படவில்லை. "அப்ப அந்தப் புள்ளைங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள். நாலைந்து வருடமாக எனக்குள்ளேயே இருந்த கேள்விதான் அது.

அதற்குப் பிறகு வாங்கியவர்களிடம் போய்ச் சொல்லத் தொடங்கினேன். ஒரு சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர், "கூரைக்குன்னுதானே அண்ணே வாங்கினேன், கடன வச்சி வாங்கினது, இப்ப வந்து சொல்றீங்களே" என்றார். அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. இயந்திரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தரவில்லை, கூரைக்குக் கொண்டுபோவதில்லை என்று வாக்கும் தரவில்லை. வேறொருவருடைய கைபேசி எண் வேலை செய்யவில்லை, ஊரும் மாறிவிட்டார். வாசலில் இருந்த படத்தைக் கழற்றினேன். இப்போது விற்கிற ஒவ்வொன்றிலும் அஸ்பெஸ்டஸ் தகட்டில் பாவிக்கக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் பொறித்த தகடு இருக்கிறது. விற்பனை பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. ஸ்டோர்த் தரைக்கும் லொறிக்கும் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் செய்கிறேன்.

அஸ்பெஸ்டஸ் கூரையில் பாசி இருந்தால் இருக்கட்டும். கழுவுவதைவிட அது கேடு குறைவு. சுரண்ட வேண்டாம், கழுவ வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். நனைந்த பழைய தகடு ஆள் பாரத்துக்கு உடைந்து உள்ளே விழுத்தும். ஒழுகத் தொடங்கினால் தகட்டை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்கி வேறு கூரை போடுவதுதான் வழி. அதற்குப் பணம் யார் தருவது என்று லயத்துச் சனம் கேட்கும். தோட்டமும் அரசாங்கமும் தர வேண்டும் என்பதுதான் என் கருத்து.

ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் இந்தக் கூரைகளைக் கழுவிய தம்பிமார் இதை வாசித்தால், அல்லது யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டினால், ஒரு வேண்டுகோள். எத்தனை வருடம் கழித்து ஆனாலும் சரி, விடாத இருமலோ ஏற்றத்தில் மூச்சு வாங்குவதோ நெஞ்சு வலியோ வந்தால், அஸ்பெஸ்டஸ் கூரை கழுவிய வேலையை முதலில் டொக்டரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர்களுக்கு அது தோன்றாமல் போகலாம். சிகரெட்டும் பீடியும் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றைக்கே விட்டுவிடுங்கள், அஸ்பெஸ்டஸும் புகையும் சேர்ந்தால் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு கூடும். யார் அந்த இயந்திரத்தைச் செய்தது என்று கேட்டால் என் பட்டறையைக் காட்டுங்கள். யார் யாருக்கு எப்போது விற்றேன் என்ற கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தருவேன்.