மறுபக்கம் காணல்

அண்ணாமலைக்கு முகம் எது, முதுகு எது என்று இவ்வூரில் பிறந்து வளர்ந்தவரும் துணிந்து சொல்லமாட்டார். கீழைக் கோபுர வாயிலில் நின்று நோக்குவோர்க்கு அது ஒற்றைக் கூம்பு. 217 அடி உயர்ந்த இராசகோபுரத்துக்கும் பின்னே, 2,668 அடி உயரத்தில், ஒரே முடியோடு நிற்கிறது. செங்கம் சாலையில் சற்றுத் தொலைவு நடந்தால் அந்தக் கூம்பு அகலத் தொடங்குகிறது. மேற்குப் புறம் சென்றவர்க்கு, கிழக்கே நின்றபோது இல்லாத முகடுகள் தோள்களைப்போல எழும்பி வருகின்றன. வடபுறச் சாலையில், குபேர லிங்கத்தை அடுத்த பகுதியில், ஐந்து முகடுகள் தெரிவதாகச் சொல்லி மக்கள் நின்று பார்க்கின்றனர். அதற்குப் பஞ்சமுக தரிசனம் என்று பெயர். எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கங்களாக, 14 கிலோமீட்டர் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தில் நின்றால், மீண்டும் அதே ஒற்றைக் கூம்பு.

நாம் கத்தோலிக்கர், மலையை வலம் வருதலை வழிபாடாகக் கொண்டோர் அல்லோம். ஆயினும் இம்மலையடியில் வாழ்வோர் சந்தைக்கும் பள்ளிக்கும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் அச்சாலையின் ஏதேனும் ஒரு பகுதியில் நடந்தே தீரவேண்டும். (பௌர்ணமி இரவுகளில் பேருந்து கிடைக்காமல், விரும்பியோ விரும்பாமலோ பாதி மலையைச் சுற்றி வீடு சேர்ந்த அனுபவம் நம்மவர் பலருக்கு உண்டு.) அவ்வாறு நடந்த கால்களுக்குத் தெரிந்த உண்மை ஒன்றே: மலை நமக்காகத் திரும்புவதில்லை. அதன் மறுபக்கம் வேண்டுமானால் நாமே போகவேண்டும்.

அண்மையில் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் இவ்வுண்மையைப் பொய்யாக்கிக் காட்டினான். கைப்பேசியில், விண்கோள் படங்களைக் கொண்டு அமைத்த நிலப்படத்தைத் திறந்து, அண்ணாமலையைக் கண்ணாடிக்குள் எழுப்பி நிறுத்தினான். இரண்டு விரல்களை வைத்துத் திருகினான். மலை சுழன்றது. "பாருங்க மாமா, நாலு நொடியில கிரிவலம் முடிஞ்சுபோச்சு" என்றான். நாம் சிரித்தோம். எனினும் ஏதோ ஒன்று குறைகிறது என்ற எண்ணம் எழுந்தது. கைப்பேசியின் ஓரத்தில் கண்ணை வைத்து, தலையைச் சாய்த்து, மலையின் பக்கவாட்டைப் பார்க்க முயன்றோம். மலை தெரியவில்லை, சாய்ந்த கண்ணாடிதான் தெரிந்தது.

குறை இன்னதென்று அறிய நம் வீடுகளில் மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படமே போதும். அப்படத்தின் கண்கள் அறையின் எந்த மூலைக்குப் போனாலும் நம்மையே பார்ப்பதாகச் சிறு வயதில் அஞ்சியிருக்கிறோம். குறும்பு செய்த நாளில் அவ்வச்சம் இரட்டித்தும் இருக்கிறது. உண்மையில் அது படம் தட்டையாக இருப்பதன் விளைவு. வரைந்தவர் ஒரு பக்கத்திலிருந்து கண்ட முகத்தைத் துணியில் நிறுத்திவிட்டார். எங்கு நின்றாலும் நாம் அந்த ஒரு பக்கத்தையே காண்கிறோம். கோவிலில் உள்ள சுரூபம் அப்படியன்று. அதன் பக்கவாட்டில் நின்றால் காதும் கன்னமும் மட்டுமே தெரியும். பின்னே சென்றால் மேலாடையின் மடிப்புகள் மட்டுமே. சுரூபத்தின் பார்வையைப் பெற விரும்புவோர் அதன் எதிரே சென்று நிற்கவேண்டும். கணிப்பொறியின் திரை எத்துணை விரைவாகப் பொருள்களைச் சுழற்றினாலும், அது படத்தின் இனமேயன்றிச் சுரூபத்தின் இனம் அன்று.

படத்தைச் சுரூபமாக்கும் முயற்சியில் அறிஞர் பலர் ஈடுபட்டுள்ளனர். கனடா நாட்டின் வான்கூவர் நகரிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயன் ஸ்டாவ்னெஸ், பில்லி லாம், சிட்னி ஃபெல்ஸ் ஆகியோர் 2010-இல் ஒரு பெட்டியைப் பற்றி எழுதினர். 'பீக்யூபீ' என்பது அதன் பெயர். ஐந்து சிறு திரைகளை ஐந்து முகங்களாகப் பொருத்திய கனசதுரம் அது. இரு கைகளாலும் தூக்கிப் பிடிக்கலாம். பெட்டி எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை அதனுள் இருக்கும் உணர்கருவியும், பார்ப்பவரின் தலை எங்கே இருக்கிறது என்பதைத் தலையில் அணியும் உணர்கருவியும் கணிப்பொறிக்கு இடைவிடாது அறிவிக்கின்றன. அதற்கேற்ப ஐந்து திரைகளிலும் படம் மாறிக்கொண்டே வருகிறது. ஆகவே, உள்ளீடற்ற அப்பெட்டி கண்ணாடிப் பேழையாகிவிடுகிறது. உள்ளே ஒரு பொம்மை நிற்பதாகத் தோன்றுகிறது. பெட்டியைத் திருப்பினால் அதன் முதுகு தெரிகிறது. சாய்த்தால் உள்ளிருக்கும் பொருள்கள் ஒரு பக்கமாகச் சரிந்து உருளுகின்றன. கைப்பேசியில் விரல் செய்ததை இங்கே கையே செய்கிறது. ஒரு மாம்பழத்தை வாங்குமுன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோமே, அதே செயல்.

மாணவனின் மலையைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்று உண்டு. பெட்டிக்குள் பொருள் நிற்பது தலையில் உணர்கருவி அணிந்த அந்த ஒருவருக்கே. அருகில் தோளுரசி நிற்பவருக்கு அதே படம் நெளிந்து கோணலாகத் தெரியும். ஏனெனில் அது அவருடைய கண்ணுக்காகக் கணக்கிடப்பட்டதன்று. ஒருவர் மட்டுமே காணும் சுரூபம் அது. நம் ஊர்த் திருவிழாக்களில் முன்னாளில் வந்த பயாஸ்கோப்புப் பெட்டியும் தனிக் கண்ணுக்கு உரியதுதான். ஆயினும் அதில் மூன்று நான்கு துளைகளாவது இருந்தன!

சுற்றி நிற்கும் அனைவரும் ஒரே நேரத்தில், அவரவர் பக்கத்தைக் காணவேண்டுமானால், பொருளைத் திருப்பினால் போதாது. திரையையே சுழலவிட வேண்டும். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் கிரெக் ஃபவலோரா தொடங்கிய ஆக்சுவாலிட்டி சிஸ்டம்ஸ் என்னும் நிறுவனம் 2000-களின் தொடக்கத்தில் 'பெர்ஸ்பெக்டா' என்ற கருவியைச் செய்தது. கண்ணாடிக் கவிகை ஒன்றுக்குள் மெல்லிய திரை செங்குத்தாக நின்று, நிமிடத்துக்கு 700 சுற்றுக்கும் மேலாகச் சுழலும். ஓடும் மின்விசிறியின் இறக்கைகள் தனித்தனியே தெரியாமல் ஒரே வட்டமாகத் தெரிவதுபோல, சுழலும் திரையும் கண்ணுக்கு மறைந்துவிடும். காட்ட வேண்டிய பொருளைக் கணிப்பொறி சாத்துக்குடிப் பழத்தின் சுளைகளைப்போல 198 துண்டுகளாகப் பிரித்து, திரை எந்தக் கோணத்துக்கு வருகிறதோ அந்தக் கோணத்துக்குரிய சுளையை அதன்மேல் வீழ்த்தும். ஒரு வினாடிக்குள் 24 முறை இப்படி முழுப் பழமும் உருவாகும். விளைவு, கவிகைக்குள் ஒளியாலான ஓர் உருவம் மிதக்கும். உணர்கருவியோ வண்ணக் கண்ணாடியோ யாருக்கும் வேண்டியதில்லை. வடக்கே நிற்பவர் வடபுறத்தையும் தெற்கே நிற்பவர் தென்புறத்தையும் காண்பர். இதற்கும் ஒரு குறை உண்டு. அவ்வுருவம் ஒளியேயாதலால் முன்பக்கம் பின்பக்கத்தை மறைக்காது; எல்லாம் ஊடுருவித் தெரியும். மண்டையோட்டுக்குள் கட்டி எங்கே இருக்கிறதென்று தேடும் மருத்துவருக்கு இக்குறையே வசதி. கதிர்வீச்சுச் சிகிச்சையைத் திட்டமிடுவதில் இதனைப் பயன்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. அந்நிறுவனம் இன்று இல்லை.

ஊடுருவும் குறையை நீக்கியவர்கள் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ ஜோன்ஸ், பால் டெபெவெக் முதலியோர். 2007-இல் அவர்கள் காட்டிய கருவியில் சாய்ந்த கண்ணாடி ஒன்று விரைந்து சுழலும். ஒவ்வொரு சுற்றிலும், ஒன்றேகால் பாகைக்கு ஒன்றாக, 288 படங்களை 288 திசைகளுக்கு வீசும். முன்பக்கம் பின்பக்கத்தை மறைக்கவே பொருள் திண்மையாகத் தோன்றியது. 2009-இல் அவர்கள் அம்முறையில் தொலைவிலுள்ள ஒரு மனிதரின் முகத்தையே சுழலும் பரப்பில் நிறுத்தினர். சுற்றி அமர்ந்தோரில் அவர் யாரைப் பார்க்கிறாரோ அவருக்கு மட்டுமே அப்பார்வை கிட்டியது. மற்றவர் பக்கவாட்டைக் கண்டனர். தொலைக்காட்சியில் வருவோர் அனைவரும் அனைவரையும் பார்ப்பதாகத் தோன்றும் பொய் அங்கே ஒழிந்தது. நூறு அறிவியல் புதுமைகளைவிட இவ்வொன்று நம்மை அதிகம் கவர்ந்தது என்பதை மறைப்பானேன்? பார்வை என்பது ஒருவருக்குத் தரப்படுவது. எல்லாருக்கும் ஒருங்கே தெளிக்கப்படும் பன்னீர் அன்று.

ஆனால் இக்கருவிகளில் எதிலும் கைவைக்க இயலாது. கவிகைக்குள் கையை நுழைத்தால் திரை அடித்துவிடும். அதற்காகவே கண்ணாடி மூடியிருக்கிறது. நம் நாட்டில் மறைப்பணி ஆற்றியதாக நாம் போற்றும் திருத்தூதர் தோமா கேட்டது காட்சியை மட்டுமன்று. ஆணித் தழும்பில் விரலை இடவேண்டும், விலாவில் கையை இடவேண்டும் என்றார். எத்திசையிலிருந்து காண்பினும் பிழையற்ற உருவம் ஒன்றை அவருக்குக் காட்டியிருந்தால், அவர் மனநிறைவு கொண்டிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை.

இன்னொருவரையும் இங்கே நினைக்கிறோம். பிரான்சு நாட்டு ஆசீர்வாதப்பர் சபைத் துறவி ஹென்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பெற்றவர். அருட்தந்தை மோன்ஷானினுடன் 1949-இல் முதன்முறையாக இவ்வூருக்கு வந்து இரமண மகரிஷியைக் கண்டார். அடுத்த ஆண்டு இருவரும் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனத்தை நிறுவினர். 1952 முதல் சில ஆண்டுகள் அவர் மீண்டும் மீண்டும் இம்மலைக்கு வந்து, குகைகளில் தங்கி மௌனம் காத்தார். அவருடைய எழுத்தை ஐயத்தோடு படிப்போரும் ஆர்வத்தோடு படிப்போரும் நம் திருச்சபையில் உளர். அவ்வாதம் இங்கே வேண்டாம். நம்மை ஈர்ப்பது வேறொன்று. வலம் வருவோர் மலையின் எல்லா உருவங்களையும் காண்கின்றனர். குகைக்குள் இருப்பவரோ மலைக்கு மிக அண்மையில், அதன் வயிற்றிலேயே இருந்தும், அதன் உருவத்தில் ஒன்றையும் காண்பதில்லை.

நோயுற்றவரின் நிலையும் இதுவே என்பதை நம் சித்தியால் அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஒரு காது மந்தமாகி, நடையும் தள்ளாடியது. பெரிய மருத்துவமனை ஒன்றில் காந்தப் படம் எடுத்து, செவி நரம்பில் கட்டி, புற்று அன்று, ஆனால் வளர்கிறது என்றனர். மருத்துவர் படத்தைத் திரையில் இட்டு எங்களுக்கு விளக்கினார். கட்டி திரையின் வலப்பக்கத்தில் வெள்ளையாகத் தெரிந்தது. சித்தி தம் வலக்காதைத் தொட்டுப் பார்த்தார்.

"டாக்டரய்யா, எனக்குக் கேக்காதது இடது காதுங்க. படத்துல அந்தப் பக்கம் இருக்கே, வேற யாரு படமாவது மாறிப்போச்சா?"

மருத்துவர் சிரிக்கவில்லை. இவ்வகைப் படங்களை, படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று தலையை நோக்குவதுபோல அமைப்பது வழக்கம். அவருடைய இடம் நமக்கு வலமாகத் தெரியும் என்று விளக்கினார். சித்தி தலையசைத்தார், விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அப்போது மருத்துவர் படத்துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒரு முழுத் தலையைத் திரையில் எழுப்பினார். அது எங்களைப் பார்த்தபடி நின்றது. அதனை மெல்லத் திருப்பினார். கன்னம், காது, பிடரி என ஒவ்வொன்றாக வந்து, முகம் திரைக்குள் நோக்க, பின்தலை எங்களை நோக்கி நின்றது. சித்தி பார்க்கும் திசையிலேயே அதுவும் பார்த்தது. இப்போது இடம் இடமாகவும் வலம் வலமாகவும் இருந்தன. தம் தலைக்குப் பின்னால் தாமே நின்று நோக்கிய சித்தி, இடக்காதின் பின்புறம் விரலை வைத்தார்.

"இங்கதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "இதை எடுத்துட்டா காது திரும்ப வருமாங்க?" என்று கேட்டார்.

"வராதும்மா. கட்டியை எடுக்கலாம். போன கேள்வி வராது."

அதுவரை பேசியவர் நாங்கள். செலவு, நாள், இரத்தம் என்று நாங்கள் கேட்டவை வேறு. இக்கேள்வியைக் கேட்க அவருக்கே தோன்றியது. அதுவும் தலை திரும்பிய பின்னரே. அது தட்டைத் திரைதான். சுழலும் கண்ணாடியோ கவிகையோ அங்கே இல்லை. திருப்பியவர் யாருக்காகத் திருப்பினார் என்பதே வேற்றுமை. ஒருநாள் அவகாசம் கேட்டார் சித்தி. மறுநாள் காலைத் திருப்பலிக்குச் சென்றுவந்து, ஒப்புதல் தாளில் தாமே கையொப்பமிட்டார்.

இப்போது நடை தேறிவிட்டது. இடக்காது மட்டும் கேட்பதில்லை. புதியவர் இடப்புறம் நின்று பேசிவிட்டு மறுமொழி வராமல் விழிக்கின்றனர். பேரப்பிள்ளைகளுக்கு அது பழகிப்போயிற்று. ஓடிவந்து தவறிப்போய் இடப்புறம் நின்றால், அவரை ஒரு சுற்றுச் சுற்றி வலப்புறம் வந்த பிறகே வாய் திறக்கின்றன.