ஆலய முற்றத்தில் ஒரு பந்து



2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது என் இளைய மகன் பத்தாம் வகுப்பில் இருந்தான். மாலைதோறும் பள்ளி மைதானத்தில் பூப்பந்து ஆடியவன் வீட்டுக்குள் அடைபட்டான். காளப்பநாயக்கன்பட்டியில் எங்கள் ஆலயமும் பூட்டியிருந்தது. நான் கைப்பேசியைப் பார்த்துப் பிரசங்கித்தேன். பாடங்களுக்காக அவன் அதே கைப்பேசிக்குக் காத்திருந்தான்.

ஒரு ஞாயிறு, செய்தியின் நடுவே ஆலயச் சுவரில் கம்பளிப் பந்து மோதும் ஓசை. முடிந்ததும் வெளியே சென்று, "தேர்வை வைத்துக்கொண்டு விளையாட்டா?" என்று கடிந்து மட்டையைப் பிடுங்கி வைத்தேன். அவன் மறுமொழி சொல்லவில்லை.

ஜூன் 9 அன்று அரசு அந்தத் தேர்வையே ரத்து செய்தது. மட்டை அலமாரியின்மேல் கிடந்தது. அவன் அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை. அதுதான் என்னை உறுத்திற்று.

அந்த வாரம் தியானத்திற்காகச் சகரியா எட்டாம் அதிகாரத்தைத் திறந்தேன். மீட்கப்பட்ட எருசலேமின் வீதிகளில் தீர்க்கதரிசி காண்பது, கோலூன்றிய முதியோரையும் விளையாடும் பிள்ளைகளையும். (இத்தனை ஆண்டுகளாக முதியோரைப் பற்றி மட்டுமே பிரசங்கித்து வந்திருக்கிறேன்.)

கொல்லிமலைமீது மாலை வெயில் படிந்திருந்தது. மட்டையை எடுத்துச் சென்று, "தவறு என்னுடையது, தம்பி" என்றேன்.

"உங்களுக்கு ஆடத் தெரியுமாப்பா?"

தெரியாது. முதல் பந்தையே ஆலயக் கூரைமேல் அடித்துவிட்டேன்.