மடியில் ஒரு சொளவு

ஆலங்குளத்தில் பேருந்தை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். பேச்சுவாக்கில், வீட்டம்மா என்ன செய்கிறார் என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "சும்மாதான் இருக்கா" என்றார். இரண்டு வளைவு தாண்டியபின், "பீடி சுத்துவா" என்று சேர்த்துக்கொண்டார். இந்த இரண்டு பதிலும் ஒன்றோடொன்று இடிப்பதாக அவருக்குப் படவில்லை.

நான் போன தெருவில் காலை ஒன்பது மணிக்கே திண்ணைக்குத் திண்ணை பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சொளவு. நெல்லைப் பக்கம் சுளகைச் சொளவு என்றுதான் சொல்வார்கள். அதன் ஒரு ஓரத்தில் வெட்டிய இலை, நடுவில் புகையிலைத் தூள், இன்னொரு ஓரத்தில் சுற்றி முடித்த பீடி. தெருவுக்குள் நுழைந்ததுமே எனக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. "ரெண்டு நாள் இருந்தியன்னா பழகிரும்" என்று சிரித்தார், நான் பார்க்கப் போயிருந்த அக்கா. அவருக்கு நாற்பத்தைந்து வயது. பதினொரு வயதில் சொளவு எடுத்தவர்.

இலை மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறது. தூள் குஜராத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வருகிறது. இரண்டும் பீடிக்கடை வழியாக இந்தத் திண்ணைக்கு வந்து சேரும். வேலை முதல் நாள் ராத்திரியே தொடங்கிவிடும். காய்ந்த இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். ஈரம் கூடினால் இலை அழுகும், குறைந்தால் நொறுங்கும். காலையில் தகரத்தாலான அளவுத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரியால் வெட்டுகிறார். ஓட்டை விழுந்த இடத்தையும் தடித்த நரம்பையும் விலக்கி, ஒரே இலையில் இரண்டு துண்டு தேற்றுவதில்தான் சாமர்த்தியம். ஏனென்றால் கடைக்காரர் இலையை எடை போட்டுத்தான் கொடுக்கிறார், இத்தனை எடைக்கு இத்தனை பீடி என்று. இலை சொத்தையாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் சுற்றுகிறவர் சொந்தக் காசில் இலை வாங்கி நிரப்ப வேண்டும்.

சுற்றுவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. இலைத் துண்டு இடது கையில் ஏறுகிறது, வலது கை தூளை ஒரு கிள்ளு எடுத்துப் பரப்புகிறது, விரல்கள் உருட்டுகின்றன, சின்னக் கம்பியால் முனையை மடக்கி உள்ளே குத்துகிறார், நூல் சுற்றி முடிச்சாகி அறுபடுகிறது. அதற்குள் அடுத்த இலை கைக்கு வந்துவிட்டது. கண் சொளவில் இல்லை. அடுப்பில் கொதிக்கும் உலையை வாசல் வழியாகப் பார்த்துக்கொண்டே, "அந்தத் தண்ணிக் கொழாய மூடு ட்டீ" என்று மகளை அதட்டிக்கொண்டே சுற்றுகிறார்.

நானும் ஒன்று சுற்றிப் பார்க்கிறேன் என்றேன். அரை மணி நேரத்தில் நாலு பீடி. ஒன்று கர்ப்பிணி மாதிரி நடுவில் புடைத்திருந்தது, ஒன்றில் தூள் நிற்கவேயில்லை. மற்ற இரண்டையும் பீடி என்று மரியாதைக்குச் சொல்லலாம். அக்கா எல்லாவற்றையும் வாங்கிச் சொளவின் ஓரத்தில் போட்டார்.

இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம். அவர் ஒரு நாளைக்கு எண்ணூறு சுற்றுவார், விசேஷ நாட்களுக்கு முன்னால் ஆயிரம்கூட. "என்னயப் பொண்ணு பாக்க வந்தப்போ, சமைப்பாளான்னு யாரும் கேக்கல. எத்தன சுத்துவான்னுதான் எங்க அத்தை கேட்டாவ." அப்போது எழுநூறு என்று அவருடைய அம்மா கூட்டிச் சொன்னாராம். அந்தப் பொய்யை மெய்யாக்கவே கல்யாணமாகி முதல் வருஷம் போய்விட்டது என்கிறார். கல்யாணச் சந்தையில் இந்தத் திறமைக்கு விலை உண்டு. மறுநாள் காலையிலேயே அது 'சும்மா இருப்பது' ஆகிவிடுகிறது.

இதே தொழில் ஆண்கள் கையில் இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்குக் கேரளத்தின் கண்ணூர் இருக்கிறது. அங்கே பீடிப் பட்டறைகளில் வரிசையாக உட்கார்ந்து சுற்றியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒருவர் சத்தமாகச் செய்தித்தாள் படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிக்கிறவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டறைகளில் சங்கம் வளர்ந்தது, அரசியல் வளர்ந்தது. 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டத்தை அங்கே அமல்படுத்த முனைந்தபோது பெரிய முதலாளிகள் பட்டறையை மூடினார்கள். வேலை போனவர்கள் 1969இல் 'கேரள தினேஷ் பீடி' கூட்டுறவை ஆரம்பித்தார்கள்.

அந்தச் சட்டம் பட்டறைக்குக் குடிநீர், கழிப்பறை, பெண்கள் அதிகமிருந்தால் குழந்தைகள் காப்பகம் என்றெல்லாம் கேட்டது. இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டால் இவை எதுவும் முதலாளி பொறுப்பில்லை. குடிநீர், வீட்டில் சுற்றுகிறவள் பிடித்து வைத்தது. காப்பகம் அவள் மடி, சொளவு போக மிச்சமிருக்கும் மடி. வீட்டில் சுற்றுகிறவர்களும் தொழிலாளர்தான் என்று 1974இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் நீதிமன்றம் சொன்னது இந்தத் திண்ணைக்கு வந்துசேர, சுற்றுகிறவர் பெயரில் பீடிக்கடை போட்டுத்தரும் ஒரு பாஸ்புக் வேண்டும். அக்கா வீட்டில் பாஸ்புக் இருக்கிறது. அதிலிருப்பது அவருடைய மாமியார் பெயர்.

"அத்தைக்குக் கண்ணு தெரியாமப் போயி எட்டு வருஷம் ஆச்சு. அவிய பேருலதான் நான் சுத்துதேன். பி.எஃப். அவியளுக்கு. எனக்குப் புதுசாப் போட்டுத்தாங்கன்னு கடைல கேட்டா, இப்பம் ஆள் எடுக்கலங்காவ." கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பீடியை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார். ரேஷன் கடை எந்திரத்திலும் அவருடைய கைரேகை சரியாக விழுவதில்லை, கட்டைவிரல் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. ஏட்டில் பெயரும் இல்லை, விரலில் ரேகையும் இல்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்ணுக்கு அதில் ஒரு நாளைக்கு 299 நிமிடமும், ஆணுக்கு 97 நிமிடமும் போவதாக வந்தது. அக்காவின் நாளை இந்தக் கணக்கில் எப்படிப் பிரிப்பது என்று யோசித்துப் பார்த்தேன். உலை கொதிக்கும்போது சுற்றிய பீடி எந்தப் பத்தியில் வரும்? அவர் கணவர் கெட்டவரில்லை. மத்தியானம் வந்து தானே சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டார், நூல்கண்டு தீர்ந்தது என்றதும் வாங்கி வந்தார். தட்டைக் கழுவவில்லை. அக்கா எழுந்து கழுவிவிட்டு, ஈரக் கை இலையில் படக்கூடாது என்று முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்பவும் சொளவை எடுத்தார். எத்தனை தடவை எழுந்தார் என்று எண்ணினேன். பதினாலுக்கு மேல் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் கடைக்கு அவரோடு போனேன். ஒற்றை அறை, வெளியே முப்பது பெண்கள் வரிசையில். உள்ளே கணக்குப் பார்க்கிறவர், தரம் பார்க்கிறவர், எடை போடுகிறவர் எல்லோரும் ஆண்கள். தரம் பார்க்கிற தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அக்காவை "யாரு, அடுத்து வா" என்றான். அவன் அம்மாவைவிட இவர் மூத்தவராக இருக்கலாம். அவர் "தம்பி, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றார். கட்டுகளைக் கையிலெடுத்துப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான். இரண்டு கட்டை எடுத்து ஓரத்துக் கூடையில் எறிந்தான். கழிவு. கழிந்த பீடி திரும்பி வராது, அதற்குக் கூலியும் கிடையாது. கூடை நிரம்பத்தான் இருந்தது.

எனக்குச் சுரீரென்றது. காலையில் நான் சுற்றிய கோணல் பீடிகள் அந்தக் கட்டில் சேர்ந்து இவருக்கு ஐம்பது பீடிக் கூலி போயிற்றே என்று தவித்தேன். நாளைக்கு வேண்டிய இலையும் தூளும் வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பியதும் கேட்டேவிட்டேன்.

"அய்ய, அது உங்களுது இல்ல" என்றார். "நீங்க காப்பி குடிக்கப் போனப்பவே அத நாலையும் பிரிச்சு நான் திரும்பச் சுத்திட்டேன். அவன் எறிஞ்சதெல்லாம் நல்ல பீடி."